ஹெல்மெட்டில் அடங்காத கொண்டை

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு கேப்டன் தேச்சம்மா மேடம் இன்று காலை என் கையில் கொடுத்தது. எங்கள் பயிற்சி முகாமுக்கு முதன்முறையாகப் பெண் ரெக்ரூட்டுகள் வந்திருக்கிறார்கள், அறுபத்திரண்டு பேர். அவர்களுடைய முடி விஷயமாகத் தினமும் என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டுமாம். எந்த மொழியில் என்று கேட்டேன். உனக்கு எது வருமோ அதில் என்றார். மேடம் குடகுக்காரர், தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

என் பெயர் கூரிச்சாமி. வயது நாற்பத்தாறு. ஊர் கமுதிப் பக்கம். படிப்பு எட்டாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த மலையடிவார முகாமில் சிகைப் பிரிவு இருபத்தைந்து வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. பிரிவு என்றால் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நான். இந்த நாற்காலியில் உட்காராத ஜெனரல் கிடையாது. நான் கத்திரி வைத்த பிறகுதான் தனக்குப் போர்த் தந்திரமே தோன்றுகிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பெயர் சொல்ல அனுமதி இல்லை.

பெண்களுக்கு முடி பார்க்கத் தெரியுமா என்று மேடம் கேட்டார். சென்னையில் கதாநாயகிகளுக்குக் கொண்டை போட்டவன் மேடம் என்றேன். சென்னைக்கு நான் போனது உண்மைதான். ரயில் மாறுவதற்காக.

விதி இதுதான்: ஒன்று, சட்டைக் காலருக்கு மேலே கத்தரித்துவிட வேண்டும். இல்லையென்றால் கொண்டை போட்டு வலை கட்ட வேண்டும். காது தெரிய வேண்டும், ஒரு இழை வெளியே தொங்கக் கூடாது, மேலே தொப்பியும் ஹெல்மெட்டும் சரியாக உட்கார வேண்டும். முப்பத்தொன்பது பேர் கத்தரிக்கச் சம்மதித்தார்கள். மீதி இருபத்துமூன்று பேர் கொண்டை.

ஜூன் 4, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கத்தி எடுப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். மேடம் கேட்கவில்லை. முப்பத்தொன்பது தலையும் மதியத்துக்குள் முடிந்தது. நான்கு பேர் அழுதார்கள். ஒருத்தி கண்ணாடியில் தன் காதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடம் அது அங்கே இருந்ததே தெரியாதாம்.

பிறகு கொண்டை. முதல் கொண்டை பிரமாதமாக வந்தது. அந்தப் பெண் சல்யூட் அடித்ததும் அவிழ்ந்து விழுந்தது. வலை மட்டமான வலை.

வீட்டுக்கு வந்து மனைவி தவமணியிடம் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அவள் மேட்டுப்பாளையத்துக்காரி, கல்யாணப் பெண்களுக்குத் தலை பின்னி, பூ தைத்துக் கொடுப்பவள். கையில் இருந்த சாமந்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, பின்னலுக்கு எத்தன காலுன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?"

நான்கு என்றேன். மூன்றாம். அவள் சிரித்து முடிக்கிற வரை சோறு வரவில்லை.

ஜூன் 5, புதன்

எனக்கு ஓர் உதவியாளர் தேவை என்று நேற்று இரவே மேடத்திடம் விண்ணப்பித்தேன். தவமணிக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. நான் மேற்பார்வை, அவள் கை. காலை ஐந்தே கால் மணிக்குள் இருபத்துமூன்று கொண்டை. தலையைக் குனிந்து முடியை முன்னால் போட்டு, ஒரே முறுக்காக முறுக்கிச் சுற்றி, ஐந்து ஊசி, ஒரு வலை. நான்கு நிமிடத்தில் ஒரு கொண்டை என்று அவர்களுக்கே கற்றுக்கொடுத்துவிட்டாள். இந்த முறையை வகுத்தது நான்தான் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருத்தியின் கொண்டை மட்டும் நான்கு நிமிடத்தில் அடங்கவில்லை. அவிழ்த்தால் முழங்காலுக்கு வருகிற முடி. பெயர்ப் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தேன். நாகஜோதி, தந்தை முனியசாமி, கமுதி.

என் அக்காள் சீனியம்மாளின் மகள்.

சந்தைக்குப் போகும்போது தூசு என்று கட்டிக்கொள்கிற முகக்கவசம் என் பையில் இருந்தது. உடனே போட்டுக்கொண்டேன். எனக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது.

ஜூன் 6, வியாழன்

இதைக் கொஞ்சம் விளக்கி எழுத வேண்டும்.

பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேருவதற்காக ஊரைவிட்டு வந்தேன். நெஞ்சு அளவில் ஒன்றரை அங்குலம் குறைந்தது. அவர்களுடைய அளவு நாடா மழையில் சுருங்கியிருந்தது என்பது என் கருத்து. திரும்பி ஊருக்குப் போகப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு சலூனில் மூன்று வருடம் தொழில் படித்துவிட்டு இந்த முகாமுக்கு வந்தேன். ராணுவத்தில் இருக்கிறேன் என்று ஊருக்கு எழுதினேன். அதில் பொய் என்ன இருக்கிறது? பிறகு வருடா வருடம் அவர்களே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு வந்து, இப்போது சுபேதார் ஆக்கிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாகஜோதி பிறந்தபோது முதல் முடி இறக்க என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முதல் முடி எடுப்பது. வேறு மடி செல்லாது. ஒரு வயதில் கூப்பிட்டார்கள். எல்லையில் நிலைமை சரியில்லை என்று எழுதினேன். மூன்று வயதில் கூப்பிட்டார்கள். ரகசியப் பணி என்று எழுதினேன். ஐந்து வயதில் என் தாயார் காலமான காரியத்துக்கு ஒரே ஒரு நாள் போனேன். அப்போதே வைத்துவிடலாம் என்றார்கள், துக்க வீட்டில் வேண்டாம் என்று அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். ஊரில் சேதுராமன் என்று உண்மையான ரிட்டையர்ட் ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். எந்த ரெஜிமெண்ட், எந்தக் கம்பெனி என்று துருவித் துருவிக் கேட்பார். அவருக்குப் பயந்து வந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ராணுவ விஷயங்களை ஊரில் பேசக் கூடாது.

அக்காள் பிடிவாதக்காரி. தம்பி மடி கிடைக்கும்வரை என் பிள்ளை தலையில் இரும்பு படாது என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருடமாகப் படவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

தலை குளிக்கும் நாள். இருபத்துமூன்று பேரும் ஊரிலிருந்து கொண்டுவந்த சீயக்காயைத் தேய்த்ததில் குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. இந்த மாதத்தில் இங்கே வெயில் கிடையாது, மழைமூட்டம்தான். ஈர முடியைச் சுருட்டிக் கட்டினால் இரண்டே நாளில் நாற்றம், பேன், பொடுகு. தவமணி சாம்பிராணிப் புகை போடலாம் என்றாள். ஜன்னல் வழியே புகை வருவதைப் பார்த்த காவல்காரச் சிப்பாய் விசில் ஊதி, இரண்டு வாளி மணலோடு ஓடி வந்துவிட்டான். நான்தான் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தேன். அதாவது, மணலைக் கூட்டி அள்ளினேன்.

அக்காள் போனில் பேசினாள். பிள்ளை உங்கள் முகாமில்தானே இருக்கிறாள், ஒரு எட்டுப் பார்க்கக் கூடாதா தம்பி என்றாள். அதிகாரிகள் சொந்தக்காரரைப் போய்ப் பார்ப்பது விதிப்படி குற்றம், நேரம் வரும்போது நானே கூப்பிட்டு அனுப்புவேன் என்றேன். சரிதான் என்றாள். நான் சொன்னால் அவள் எதையும் சரி என்பாள்.

ஜூன் 13, வியாழன்

மழை. வலை ஏழு கிழிந்தது.

ஜூன் 20, வியாழன்

நாகஜோதி மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து தலை வாருகிறாளாம். தூக்கம் போதாமல் ஓட்டத்தில் பின்தங்குகிறாள். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்பர் அண்ணன் என்றும் தவமணியை அக்கா என்றும் கூப்பிடுகிறார்கள். இவளும்தான். என் அக்காள் மகள் என்னை அண்ணே என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தவமணி ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் எத்தன நாளைக்குங்க வாயக் கட்டிட்டு இருக்கறது?"

தகுந்த சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

இன்று முதல் துப்பாக்கிப் பரீட்சை. தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். இதில்தான் கொண்டையின் கோளாறு வெளிப்பட்டது. நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்தினால் ஹெல்மெட்டின் பின்விளிம்பு கொண்டையில் முட்டும். முட்டினால் முன்விளிம்பு கண்ணை மூடும். கண்ணை மூடினால் எதைச் சுடுவது?

சின்னக் கொண்டைக்காரிகள் பல்லைக் கடித்துச் சமாளித்துவிட்டார்கள். நாகஜோதிக்கு ஹெல்மெட் மூக்கு வரை இறங்கிவிட்டது. தோல்வி. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் அவளிடம், எதிரி உன் முன்னால் வந்தால் கொண்டை முடியும்வரை காத்திருப்பானா என்று கேட்டாராம்.

மூன்று தடவை கொடுப்பார்கள். மூன்றாவதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

கொண்டையே வேண்டாம், முடியை இரண்டாகப் பிரித்து மெல்லிசாகப் பின்னித் தலையைச் சுற்றித் தட்டையாக ஒட்டவைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். இதைத் தவமணி நேற்றே சொன்னாள், ஆனால் நான் அதற்கு முந்திய நாளே மனதில் நினைத்திருந்தேன். கொண்டை ஊசி ஹெல்மெட்டுக்கு அடியில் மண்டையைக் குத்துகிறது; அதனால் ஊசிக்குப் பதில் கறுப்பு நூலால் தைத்துவிட்டோம். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் அருமையாகப் பொருந்தியது. மேடம் கைகுலுக்கினார். தவமணிக்கும் குலுக்கினார்.

ஜூலை 5, வெள்ளி

இரண்டாவது பரீட்சை. போன தடவை தவறிய மற்றவர்கள் எல்லாரும் தேறினார்கள். நாகஜோதிக்குத் தலையைச் சுற்றி மூன்று அடுக்கு வந்தது. ஹெல்மெட் மண்டையில் உட்காராமல் பானை மேல் மூடி மாதிரி ஆடியது. தோல்வி.

அடுத்தது ஜூலை பத்தொன்பது. கடைசி.

அவளுக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று தவமணி விசாரித்து வந்து சொன்னாள். மாமன் ராணுவத்தில் இருக்கிறார் என்று ஊரில் கேட்டுத்தான் இவளுக்கும் ஆசை வந்ததாம். ஆறாம் வகுப்பிலிருந்தே கண்மாய்க் கரையில் ஓடிப் பழகியிருக்கிறாள். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று முனியசாமி மச்சான் தடுத்தபோது, என் மாமா மாதிரி நானும் போவேன் என்று மூன்று நாள் சாப்பிடவில்லையாம்.

இதைச் சொல்லிவிட்டுத் தவமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கத்திரியைச் சாணை பிடிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 8, திங்கள்

மேடம் கூப்பிட்டனுப்பினார். போனேன்.

நாகஜோதியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். முடியைக் கத்தரித்தால் முடிந்தது, ஏன் மறுக்கிறாய் என்று. முதல் முடி தாய்மாமன் மடியில்தான் எடுக்க வேண்டும், அம்மா குலசாமி முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறாள், மாமா இதே முகாமில் சுபேதாராக இருக்கிறார், அவரை ஒரே ஒரு தரம் வரச் சொன்னால் போதும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். பெயர் சுபேதார் கூரிச்சாமி.

மேடம் பதிவேடு முழுக்கத் தேடிவிட்டாராம். அப்படி ஒரு சுபேதார் கிடையாது.

"கூரி, இது உன் பேர் அல்லவா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு கூரிச்சாமி மேடம் என்றேன். அந்த சுபேதார் மாற்றலாகிப் போயிருப்பார், எனக்குக்கூட லேசாக ஞாபகம் இருக்கிறது, உயரமான ஆள், மீசை வைத்திருப்பார் என்றேன். மேடம் என் முகக்கவசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, போ என்றார்.

கதவுக்கு வெளியே நாகஜோதி விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வணக்கம்ணே என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

தவமணி பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை.

ஜூலை 10, புதன்

இன்றும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

சாப்பாட்டு இடைவேளையில் நாகஜோதி கடை வாசலுக்கு வந்தாள். மாமா மாற்றலாகிப் போயிருப்பார் என்று மேடம் சொன்னாராம். இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறீர்களே, சுபேதார் கூரிச்சாமி எங்கே மாற்றலாகிப் போனார் என்று தெரியுமா என்று கேட்டாள். எனக்குக் கடையை மூடிவிட்டு ஓடலாம் போலிருந்தது. ஆனால் என் வாய் அப்படிப்பட்டதல்ல.

அவர் மாமனிதர் என்று ஆரம்பித்தேன். ஒரு தடவை வெள்ளத்தில் சிக்கிய ஏழு வீரர்களைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார் என்றேன். பனிமலையில் பதினெட்டு நாள் தனியாகக் காவல் காத்தார் என்றேன். இப்போது பெயர் சொல்ல முடியாத ஓர் எல்லையில் இருக்கிறார், அவர் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு அது போய்விட்டது.

"அப்ப எனக்குன்னு அவரால வரவே முடியாதுல்ல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. சொல்லிவிட்டு ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணி. தவமணி வலைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நாகஜோதி மேடம் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி நாற்காலிக்குப் பின்னால் தரை வரை விழுந்தது.

வெட்டிவிடுங்கள் என்றாள்.

அம்மாவின் சத்தியம் என்ன ஆவது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மாமா மடியில வச்சுத்தேன் எடுத்துச்சுன்னு அம்மாட்டச் சொல்லிருவேன்ணே. அவரு வரலன்னு தெரிஞ்சா ஊருல அவரத்தேன் பேசுவாக. எங்க மாமாவுக்குக் கெட்ட பேரு வரக் கூடாது."

கத்திரி என் கையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்ல ஒரு ஆள் போதும் என்று நினைத்தேன். அதையும் பத்தொன்பது வயதுப் பிள்ளை எனக்காகச் சொல்ல வேண்டுமா?

கத்திரியை மேஜையில் வைத்தேன். முகக்கவசத்தைக் கழற்றினேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். என் அக்காளுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. அதை மறைக்கத்தான் இத்தனை நாள் தூசு.

நான்தான் கூரிச்சாமி என்றேன். சுபேதார் இல்லை என்றேன். எப்போதும் இருந்ததில்லை, இந்த நாற்காலிதான் என்றேன். ஐந்து வயதில் உன்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தது சேதுராமனுக்குப் பயந்து என்றும் சொன்னேன்.

வெளியே தவமணி துணி உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. நாகஜோதி கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப ஏழு பேரத் தூக்கிட்டு ஆத்தைக் கடந்தது?"

"இல்ல."

"ஒருத்தரையாச்சும்?"

"ஒருத்தரையும் இல்ல தாயி."

"நீச்சலாச்சும் தெரியுமா?"

"தெரியாது."

அவள் உதட்டைக் கடித்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவும் செய்தாள், ஆனால் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் ஒரே துண்டால் துடைத்துக்கொண்டாள். கோபம் இருந்தது, எழுதாமல் விடக் கூடாது. கண்மாய்க் கரையில் ஓடும்போதெல்லாம் உங்களை நினைத்துத்தானே ஓடினேன் என்று கேட்டாள். யாரை நினைத்து ஓடினாலும் ஓடினது நீதான் என்று வாசலில் நின்ற தவமணி சொன்னாள். அவள் என் மனைவி என்பது நாகஜோதிக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள்.

கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"மடியாச்சும் நெசந்தான. உக்காருங்க மாமா" என்றாள்.

தவமணி விரலை மடக்கி நாள் பார்த்தாள். நாளை செவ்வாய், கத்தி வைக்கக் கூடாது. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆக இன்றுதான். நான் ஓடிப்போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியதில் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு ஒரு கூரிச்சாமி என்றாயே என்று கேட்டார். இந்த வீட்டுக்கு நான்தான் மேடம் என்றேன். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அப்புறம் ஒரு சிக்கல். மடி கொடுக்கிற மாமன் வேறு, கத்தி பிடிக்கிறவர் வேறு என்பதுதான் வழக்கம். மடியில் வைத்தவரே முடியெடுக்கலாமா என்று தவமணிக்குச் சந்தேகம். முகாமில் வேறு ஆள் இல்லை. மேடம்தான் தீர்த்துவைத்தார். ராணுவத்தில் ஆள் பற்றாக்குறை வந்தால் ஒருவரே இரண்டு பணியும் பார்க்கலாம் என்றார்.

நான் கட்டை ஸ்டூலில் உட்கார்ந்தேன். மடியில் புதுத் துண்டு விரித்தேன். நாகஜோதி கீழே பலகையில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். வலது பக்கம் ஒரு கொத்து, இடது பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றையும் மஞ்சள் துணியில் முடிந்தேன், குலசாமிக்கு. பிறகு மற்றதைக் கத்தரித்தேன். ஆயிரக்கணக்கான தலை பார்த்த கை இது. இன்றைக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் யோசித்தது. பத்தொன்பது வருடத்து முடி என்ன கனம் கனக்கிறது!

எழுந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். காற்று மாதிரி இருக்கிறது என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் மற்றவர்களோடு எழுந்தாளாம். ஓட்டத்தில் ஐந்தாவது. வரிசையில் போனவள் என்னைக் கடக்கும்போது, மாமா, காதுக்கு மேல் இடது பக்கம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்றாள். கோணல் இல்லை. அது ஒரு பாணி.

தவமணி பேசிவிட்டாள். சாம்பாரில் உப்பு கூட.

ஜூலை 19, வெள்ளி

கடைசிப் பரீட்சை. சுடும் இடத்துக்கு என்னை விடமாட்டார்கள். கடையில் உட்கார்ந்து சத்தத்தை எண்ணினேன். எது அவளுடைய குண்டு என்று எப்படித் தெரியும்? ஒரு ஹவில்தாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரே கன்னத்தை இரண்டு தடவை செய்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பதினொன்றரைக்கு உஸ்தாத் அந்தப் பக்கம் வந்தார். ஹெல்மெட் அசையவே இல்லை என்றார். நாகஜோதி தேறிவிட்டாள்.

எல்லாக் குண்டும் நடுப்புள்ளியில் என்று முதலில் எழுதினேன். அதை அடித்திருக்கிறேன். தேவையானதைவிட நான்கு குண்டு அதிகம் பட்டிருக்கிறது. அதுவே நிறைய.

ஜூலை 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ரெக்ரூட்டுகள் வீட்டுக்குப் போன் பேசலாம். நாகஜோதி கடைக்கு வந்து என் போனிலேயே பேசினாள். பரீட்சை தேறியதைச் சொன்னாள். மாமா மடியில் வைத்து முடி எடுத்தாயிற்று, மூன்று கொத்து மஞ்சள் துணியில் வருகிறது என்றாள். அந்தப் பக்கம் அக்காள் அழுவது எனக்கே கேட்டது. அழுகை ஓய்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியும் கேட்டது.

"கத்தி பிடிச்சது யாருடீ?"

நாகஜோதி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"நாந்தேன்க்கா" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு அளவு, சலூன், நாற்காலி, கண்ணாடி. நான் இவ்வளவு குறைவாகப் பேசி அக்காள் கேட்டதே இல்லை. பாதியில் லைன் போய்விட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல்லி முடித்தபின் எனக்குத்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

"கிறுக்குப் பயலே" என்றாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. சுபேதார் ஆன பிறகு தம்பி, வாங்க, போங்க என்றுதான் பேசுவாள்.

பிறகு காரியத்துக்கு வந்தாள். மாமன் என்ற முறைக்குப் பிள்ளைக்கு நான் சீர் செய்ய வேண்டும். முடி இறக்கியவருக்கு வேட்டி துண்டு அவள் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆளாகப் போனதால் எந்தச் சீரை எப்படிச் செய்வது என்று குழம்பினாள். தவமணியைக் கூட்டிக்கொண்டு நீ முதலில் ஊருக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்றாள். சேதுராமன் கேட்டால் என்று இழுத்தேன். அவருக்கும் முடி வளர்ந்துதான் கிடக்கிறது, வந்து வெட்டிவிடு என்றாள்.

"சுபேதாருக்கு என்னத்த எடுத்துக் குடுக்குறதுன்னு பயந்தே இத்தன வருசமா ஒனக்கு ஒண்ணும் எடுக்கலடா. நாளைக்கே சந்தையில ஒரு வேட்டி எடுத்து வச்சிர்றேன். நாலு முழமா, எட்டு முழமா?"

எட்டு முழம், ஜரிகைக் கரை என்றேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.